எண்ணிக்கை எடைக்கல் ஆகுமா?

ஓர் ஆய்வு நிறுவனத்தின் உழைப்பை எப்படி அளப்பது? அது வெளியிட்ட கட்டுரைகளை எண்ணலாம். பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்றும் எண்ணலாம். இரண்டாவது முறை நூலகத் தேவையிலிருந்து வளர்ந்தது.

கல்லூரி நூலகத்துக்கு எந்த வேதியியல் இதழ்களை வாங்குவது? இக்கேள்விக்கு விடை தேடி, 1927-இல் அமெரிக்காவில் குரோஸ், குரோஸ் என்னும் இருவர், புகழ்பெற்ற ஓர் இதழின் மேற்கோள்களை எண்ணிப் பட்டியலிட்டனர். அறிவியல் முழுமைக்கும் மேற்கோள் அட்டவணை வேண்டுமென 1955-இல் யூஜின் கார்ஃபீல்டு எழுதினார். 1960-களில் அது அச்சேறியது. இதழ்களை ஒப்பிடத் ‘தாக்கக் காரணி’யும் பிறந்தது. ஈராண்டுகளில் ஓர் இதழில் வந்த 50 கட்டுரைகள் அடுத்த ஆண்டில் 100 முறை மேற்கோள் காட்டப்பட்டால், காரணி 2.

இதழுக்கான அளவுகோலைக் கொண்டு நாளடைவில் மனிதரையும் அளந்தனர். அது தவறென 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்கள் ஓர் அறிக்கை உருவாக்கினர்.

மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866-இல் வெளியாகி, 1900 வரை பெரிதும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அன்று மேற்கோள்களை எண்ணியிருந்தால் அவர் பெற்றிருக்கும் மதிப்பெண் என்ன?

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தின் முதல் பாடம் இதுவே: அளவைக் குறிக்கும் முன், கருவி எதை அளக்கிறது என்று கேளுங்கள். மேற்கோள் எண்ணிக்கை கவனத்தை அளக்கிறது, உண்மையை அன்று.