லூயிஸ் ஏரிக்குப் போகும் வழி

கனடாவின் றொக்கி மலைகளில் உள்ள லூயிஸ் ஏரியைக் குடும்பமாகச் சென்று பார்த்தோம். தனி வாகனத்தில் வழிகாட்டி ஒருவர் கூட்டிச் சென்றார். பனியாறு அரைத்த பாறை, மாவாகத் தண்ணீரில் மிதப்பதால்தான் ஏரிக்கு அந்தப் பச்சை கலந்த நீல நிறம் என்றார்.

என்னை யோசிக்க வைத்தது ஏரியின் பெயர். அங்குள்ள ஸ்டோனி நக்கோடா மக்களுக்கு அது 'சிறுமீன்களின் ஏரி'. 1882இல், ரயில்பாதை வேலைக்கு வந்த டொம் வில்சனை அங்கே கூட்டிப்போனவர் அம்மக்களில் ஒருவரான எட்வின் ஹண்டர். வில்சன் அதற்கு 'மரகத ஏரி' என்று பெயர் வைத்தார். 1884இல் விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸின் பெயர் வந்தது. வழி காட்டியவரின் பெயர் ஏரிக்கு வரவில்லை.

வீதிக்கும் ஒரு கதை உண்டு. முதலாம் உலகப் போரில் 'எதிரி நாட்டவர்' என்று 8,579 பேரைக் கனடா முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த உக்ரேனியர். காசில் மலை முகாமில் இருந்தவர்கள் 1915 முதல் 1917 வரை, நாளுக்கு 25 சதக் கூலிக்கு, பான்ஃபிலிருந்து லூயிஸ் ஏரி நோக்கிய வீதியை அமைத்தார்கள். 2005இல்தான் கனடாப் பாராளுமன்றம் இதைச் சட்டமாக ஏற்றுப் பதிவு செய்தது.

முட்கம்பிக்குள் இருந்து வந்தவர்கள் எங்களிலும் பலர். அந்தப் பக்கம் போனால், காசில் மலையடியில் 1995இல் வைத்த சிலையருகே சற்று இறங்கி நில்லுங்கள். 'ஏன்?' என்பதே அதன் பெயர். பிள்ளைகள் விளக்கம் கேட்பார்கள். சொல்லுங்கள்.