படிக்கக் கூடாத எழுத்து

பொட்டி தட்டிப் பொழைக்கிற எனக்கு எழுத்துன்னா அது படிக்கிறதுக்குத்தான். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் கம்பைலர் காறித் துப்பிடும். அதனாலயோ என்னவோ, கே.சி.எஸ். பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசை என்னை ரொம்பவே இழுத்துச்சு.

பணிக்கர் 1911-ல் கோவையில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படிச்சு, 1957-ல் அங்கேயே முதல்வரானார். ஆரம்பத்துல நிலக்காட்சி, மனுஷங்கன்னுதான் வரைஞ்சுட்டு இருந்தார். அப்போ நம்மூர் ஓவியர்கள் முன்னாடி ஒரு பெரிய கேள்வி இருந்தது: ஐரோப்பாவைக் காப்பியடிக்காம நவீனமா வரையறது எப்படி?

1963-ல் அவர் தொடங்கின இந்த வரிசை அதுக்கு ஒரு பதில். முதல்ல கணக்குக் குறிகள், எண்கள், ரோமன் எழுத்துகள். போகப்போக மலையாள எழுத்துகள், ஜாதகம் மாதிரி கட்டங்கள். பார்க்க ஏதோ பழைய ஏடு மாதிரியே இருக்கும். ஆனா மலையாளம் தெரிஞ்சவங்க படிச்சாலும் ஒண்ணும் புரியாது.

அதுதாங்க விஷயமே! அர்த்தம் கழண்டதும் எழுத்து வெறும் கோடாயிடுது. எங்க சுழியுது, எங்க மெலியுது, எங்க நெருக்கியடிச்சு நிக்குதுன்னு கண்ணு அதும்பின்னாலயே போகுது.

1966-ல் மாணவர்களோட சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியம் விக்காத காலத்துல பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் வித்துத்தான் அவங்க பொழப்பு ஓடுச்சு. எந்த அர்த்தமும் சொல்ல வேண்டாத கோடு ஒண்ணு தன் போக்குல போகணும்னா, அதுக்கும் யாராச்சும் சோறு போடணும் இல்லையா?