12 வருடங்கள் சிறைக்குள் சொல்லப்பட்ட காதல் கதை

சிரிக்க வைக்கும் காதல் நாவல் என்றால் நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம். பஸ்ஸில் ஒளித்து வாசிப்போம், ஸ்டாஃப் ரூம் மேசையில் அட்டை தெரிய வைக்கமாட்டோம். இந்த இளக்காரம் அப்படியான கதைகளை எழுதிப் புகழ்பெற்ற ஒருவருக்கே இருந்தது.

ஜோர்ஜெட் ஹேயர், 1902இல் லண்டன் விம்பிள்டனில் பிறந்தவர். நோயுற்றிருந்த தம்பியை மகிழ்விக்கச் சொன்ன கதைதான் 1921இல் 'த பிளாக் மொத்' என்ற முதல் நாவலாக வெளிவந்தது. அப்போது வயது 19. பிறகு 50க்கும் மேற்பட்ட நாவல்கள். பேட்டி கொடுப்பதே இல்லை என்று வாழ்ந்து 1974இல் இறந்தார்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் எழுதி, 1944இல் வெளிவந்தது 'ஃப்ரைடேஸ் சைல்ட்'. காதலி மறுத்த கோபத்தில் ஷெரி என்ற பணக்கார வாலிபன், முதலில் கண்ணில் படும் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று கிளம்புகிறான். கண்ணில் படுவது சொந்தக்காரர் வீட்டில் வளரும் ஓர் அநாதைப் பிள்ளை. பெயர் ஹீரோ! அவளை டீச்சர் வேலைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், அந்தக் கவலையில் இருக்கிறாள் (இதை நான் மன்னித்துவிட்டேன்). கல்யாணத்துக்குப் பிறகு ஷெரி செய்வதைப் பார்த்தே அவளும் செய்கிறாள், சூதாட்டம் உட்பட. அவளைத் திட்டத் திட்ட, தன் முகம் அவனுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. கதை அவ்வளவுதான்.

இப்படிப் பைத்தியக்காரத்தனமாய் எழுதுவதற்குத் தன்னைச் சுடவேண்டும் என்று ஹேயரே ஒரு கடிதத்தில் கேலியாக எழுதினார். ஆனால் குண்டுவீச்சுக்கு ஒளிந்திருக்கும்போதோ காய்ச்சலில் கிடக்கும்போதோ தனக்கும் இது பிடிக்கும் என்று சேர்த்துக்கொண்டார்.

பல வருடங்களுக்குப் பிறகு அவருக்கு ஒரு வாசகியின் கடிதம் வந்தது. ருமேனியாவில் 12 வருடங்கள் அரசியல் கைதியாக இருந்த பெண். கையில் புத்தகம் இல்லை. 'ஃப்ரைடேஸ் சைல்ட்' கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் தானும் உடனிருந்த பெண்களும் புத்தி பேதலிக்காமல் இருந்தோம் என்று எழுதியிருந்தார்.

ஏன் இந்தக் கதை? சோகக் காவியங்களைச் சொல்லியிருக்கலாமே? என் எண்ணம் இதுதான்: ஷெரியும் ஹீரோவும் சேர்வார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரியும். எப்படி என்பதுதான் கதை. நாளை விசாரணையா, அடியா என்று தெரியாத ஒருவருக்கு, முடிவு தெரிந்த கதை எவ்வளவு பெரிய நிம்மதி! இன்னொன்று, ஒரு வம்பு அடுத்த வம்பைப் பெறுகிறது. நம் உம்மம்மாமார் இரவுக்கு ஒரு துண்டாகக் கதை சொன்னதுபோல, மனதில் வைத்தே சொல்லிவிடலாம்.

ஹேயரை முழுதாகத் தூக்கிப்பிடிக்கவும் எனக்கு மனமில்லை. 1950இல் வந்த 'த கிராண்ட் சோஃபி'யில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதரை அருவருப்பாக வரைந்திருக்கிறார். நாஸி முகாம்கள் திறக்கப்பட்டு ஐந்து வருடங்கள்தான் ஆகியிருந்தன. சிறுபான்மை வியாபாரியைக் கேலிப்பொருளாக்கும் கதைகளை நாமும் அறிவோம். சிரிப்பு அங்கே எனக்கு நின்றுவிட்டது.

'ஃப்ரைடேஸ் சைல்ட்'டில் அது நிற்கவில்லை. ஷெரியின் உறவுக்காரன் ஃபெர்டி, பாடசாலையில் படித்த ஏதோ ஒரு கிரேக்கப் பெயரை மறந்துவிட்டு, அந்த ஆள் பின்னால் பதுங்கி வருகிறான் என்று கதை நெடுகப் பயந்து திரிவான். அந்த ருமேனியப் பெண்கள் அந்த இடம் வரும்போதெல்லாம் காவலாளிக்குக் கேட்காமல் எப்படித்தான் சிரித்தார்களோ!