பத்து வயதில் ஒரு விண்ணப்பம்: புலமைப்பரிசிலும் மல்லாவிப் பிள்ளையின் மாவட்டமும்

இலங்கையில் ‘கல்லூரி’ என்பது ஆறாந்தரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே இளவயதுக் கல்லூரிப் போட்டியைப் பற்றிப் பேச, 1970களில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி தேடியெடுத்த பதின்மூன்று வயதுக் கணிதக் கெட்டிக்காரர்கள்வரை போகவேண்டியதில்லை. முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் ஐந்தாந்தரத்தில் இருக்கும் எந்தப் பிள்ளையும் போதும். பாடசாலை முடிந்ததும் ரியூசன், இரவில் மாதிரி வினாத்தாள். பெறுபேறு வந்தால் சந்தியில் படத்தோடு பதாகை.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிய வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைக்கிறது. பிரபல பாடசாலைகளுக்கோ வேறு வெட்டுப்புள்ளிகள் உண்டு. உதவியும் தெரிவும் ஒரே பரீட்சையில் கட்டப்பட்டிருப்பதே சிக்கலின் வேர் என்பது என் வாதம்.

1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில் புலமைப்பரிசிலும் மத்திய கல்லூரியும் சோடியாக வந்தன. நகரத்துக்குப் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அதன் பிரதேசத்திலேயே நல்ல பாடசாலை, அதில் படிக்கப் பணம். மல்லாவி மத்திய கல்லூரியின் பெயரில் அந்த எண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நடைமுறையில் கூடிய புள்ளி எடுத்த பிள்ளையின் பெற்றோர் பார்ப்பது யாழ்ப்பாணத்தை. ஊருக்குப் பாடசாலை கொண்டுவர எழுந்த ஏற்பாடு, ஊரிலிருந்து பிள்ளையை எடுத்துப்போகும் ஏற்பாடாகிவிட்டது.

வயதைக் கவனியுங்கள். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருந்தால்தான் முதலாந்தரம். ஆகவே பெப்ரவரியில் பிறந்த பிள்ளைக்கும் அடுத்த ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் ஒரே வகுப்பறையில் ஏறத்தாழ ஒரு வருட இடைவெளி. பத்து வயதில் அது வாழ்நாளில் பத்திலொரு பங்கு. இங்கிலாந்தின் பதினொரு வயதுத் தெரிவுப் பரீட்சையில் வயதுக்கேற்பப் புள்ளியைச் சீராக்கும் வழக்கம் உண்டு. நாமோ பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தர இசட் புள்ளியின் தசமதானங்களைப் பற்றி வருடக்கணக்கில் சண்டை பிடிக்கிறோம். இந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஆனாலும் இப்பரீட்சையை இலேசாக ஒதுக்கவும் முடியாது. 2009இல் போரில் இடம்பெயர்ந்தோரின் செட்டிகுளம் முகாம்களுக்குள்ளும் புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது. அதைத் தவறவிடப் பெற்றோரும் விரும்பவில்லை என்பதை நாம் மறக்கக்கூடாது. வன்னியில் எல்லாம் போனபின் கையில் இருந்த ஒரே முதல் படிப்புத்தான்.

இனிப் பத்தொன்பது வயதுக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தேசிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அந்தப் பட்டியலில் உண்டு. யாழ்ப்பாணமும் உண்டு, ஆனால் அங்கே போட்டி கடுமை. மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறந்த இடமோ வீட்டு விலாசமோ அல்ல. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் படித்த பாடசாலையே. எனவே பத்து வயதில் யாழ்ப்பாணம் போய் அங்கேயே தொடர்ந்த மல்லாவிப் பிள்ளை, மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ விண்ணப்பிக்கையில் யாழ் மாவட்டத்தில் நிற்கிறது. பின்தங்கிய மாவட்டமென்று அரசு ஒருகையால் கொடுப்பதை, திறமைசாலியென்று மறுகையால் எடுத்துவிடுகிறது.

அந்தப் பிள்ளையை முல்லைத்தீவுக் கணக்கிலேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். நான் அதற்கு உடன்படமாட்டேன். மாவட்டப் பங்கு பரம்பரைச் சொத்தல்ல. கணித, விஞ்ஞான ஆசிரியர் போதாத பாடசாலையில் கடைசிவரை இருந்து படித்தவருக்கான ஈடு. விடுதியில் நல்ல வசதியோடு படித்தவர் அதைத் திரும்ப வந்து கேட்டால், மல்லாவி இருக்கும் துணுக்காய் வலயத்தில் நின்று படித்தவர்தான் தள்ளப்படுவார். பிரச்சினையை அந்த முனையில் தீர்க்க முடியாது. உதவிப்பணம் பத்து வயதிலேயே இருக்கட்டும். பாடசாலைத் தெரிவை அதிலிருந்து கழற்றி, செலவையும் ஆசிரியரையும் மத்திய கல்லூரிக்கு அனுப்பவேண்டும்.

அது நடக்கும்வரை ஒரு சின்ன வேலை செய்யலாம். பெறுபேற்றுக்குப்பின் பெற்றோர் பாடசாலை விருப்பங்களைத் தெரிவிக்கும் படிவத்தின் அடியில், அந்த மூன்று வருட விதியை விளங்கும் தமிழில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.