கார் இருக்கையின் சூடும் அதன் பழுதும்

மோட்டார் வாகனத்தின் இருக்கையை மின்சாரத்தால் சூடேற்றும் வழக்கம், ஆண்டில் பல மாதங்கள் உறைநிலையை ஒட்டியே கழியும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. உயர்விலைக் கார்களின் தனி வசதியாகத் தொடங்கி, இன்று அந்நாடுகளின் நடுத்தர விலைக் கார்களிலும் இடம்பெறும் இச்சூடேற்றியின் வளர்ச்சியை, அது இயங்கிய விதத்தைவிட இயங்காமல் நின்ற விதத்தைக் கொண்டே தெளிவாக அறியலாம். ஒவ்வொரு தலைமுறைச் சூடேற்றிக்கும் தனக்கே உரிய பழுது இருந்தது. அப்பழுதை யார் கண்டறிய முடியும், எதைக் கொண்டு கண்டறிய முடியும் என்பதும் தலைமுறைதோறும் மாறியது.

குதிரை வண்டிகளின் காலத்தில் பயணியின் குளிரைப் போக்கியவை மிக எளிய பொருள்களே. அடுப்பில் காய்ச்சித் துணியில் சுற்றிய செங்கல்லும் மாக்கல்லும் காலடியில் வைக்கப்பட்டன. கரிக்கட்டி எரியும் சிறு இழுப்பறையை உள்ளே கொண்ட, மேலே கம்பளம் ஒட்டிய உலோகப் பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. பிரிட்டிஷ் ரயில்களில் வெந்நீர் நிரப்பிய தட்டையான தகரக் கலங்கள் பயணிகளுக்குத் தரப்பட்டன. 1880களில் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே, வெந்நீருக்குப் பதிலாகச் சோடியம் அசிட்டேட் என்னும் உப்பைக் கலங்களில் அடைத்துப் பயன்படுத்தியது. ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸில் உருகும் இந்த உப்பு, மீண்டும் உறையும்போது தான் உள்வாங்கிய வெப்பத்தை மெல்ல வெளிவிடுவதால், கலம் வெந்நீர்க் கலத்தைவிட நெடுநேரம் சூடாக இருந்தது. உறைதல் தடைபட்டால் கலத்தை எடுத்துக் குலுக்கினால் போதும். இக்கருவிகளில் பழுது என்பது ஆறிப்போவது மட்டுமே என்பதால், காலை வைத்த எவருக்கும் அது உடனே தெரிந்தது. அதற்கான தீர்வும் அடுத்த நிலையத்திலோ அடுத்த விடுதியின் அடுப்பிலோ கிடைத்தது.

மோட்டார் கார் வந்தபோது வெப்பத்தின் ஊற்று இயந்திரத்துக்குள்ளேயே அமைந்தது. முதலில் புகைபோக்கிக் குழாயின் சூட்டையும், 1930களிலிருந்து இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் சூட்டையும் கொண்டு காரின் உட்புறக் காற்றைச் சூடாக்கினர். ஆனால் இயந்திரம் சூடாகும்வரை காற்றும் சூடாகாது. காற்று சூடான பின்னும், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தோல் அல்லது பிளாஸ்டிக் உறையும் அதன் அடியிலுள்ள மெத்தையும் சூடேற மேலும் நேரம் பிடிக்கும். உடல் நேரடியாகத் தொடும் பரப்பையே சூடாக்கினால் இக்காத்திருப்பு குறையும். அதற்கான அறிவியல் அடித்தளம் முன்னரே இருந்தது. கம்பியில் பாயும் மின்னோட்டம் உண்டாக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் மின்தடைக்கும் ஏற்ப அமைகிறது என்பதை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1840களின் தொடக்கத்திலேயே நிறுவியிருந்தார். மின்தடை மிகுந்த, செஞ்சூட்டிலும் எளிதில் அரிபடாத நிக்கல்-குரோமியக் கலவையை அமெரிக்க உலோகவியலாளர் ஆல்பர்ட் மார்ஷ் உருவாக்கி 1906இல் காப்புரிமை பெற்றார். அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, ரொட்டி வாட்டும் கருவி ஆகியவற்றின் மின் வடிவங்கள் இக்கம்பியால் பரவலாயின.

எனினும் அடுப்பில் கம்பி அசையாமல் கிடக்கிறது. மனித உடலை ஒட்டிய சூடேற்றியில் அது ஓயாமல் மடங்கி நிமிர்கிறது. இவ்வேறுபாட்டின் விளைவு முதன்முதலில் தீவிரமாக உணரப்பட்ட இடங்களுள் ஒன்று வான்போர். இரண்டாம் உலகப் போரில் 25,000 அடி உயரத்தில், கழித்தல் 40 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழுமான குளிரில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் வீரர்கள் மின்கம்பி தைத்த உடைகளை அணிந்தனர். தொடக்க கால உடைகள் சிலவற்றில் கம்பிகள் தொடர் இணைப்பில், அதாவது மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாப் பகுதிகளையும் கடந்து செல்லும்படி அமைந்திருந்ததால், ஒரு கையுறையில் கம்பி அறுந்தாலும் உடை முழுவதும் குளிர்ந்துபோயிற்று. பின்வந்த உடைகளில் பக்க இணைப்பு, அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் தனி மின்பாதை அளிக்கப்பட்டதால், பழுது அந்தந்தப் பகுதியோடு நின்றது. கம்பி எங்கே அறுகிறது என்பதோடு, அறுந்தால் எவ்வளவு பகுதி செயலிழக்கிறது என்பதையும் வடிவமைப்பே தீர்மானிக்கிறது என்ற இப்பாடம் கார் இருக்கைக்கும் அப்படியே பொருந்துவதாயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ராபர்ட் பல்லார்ட் சூடேறும் இருக்கைக்கான காப்புரிமைக்கு 1951இல் விண்ணப்பித்து 1955இல் அதனைப் பெற்றார். ஆனால் இவ்வசதி கேடிலாக் ஃப்ளீட்வுட் காரில் கூடுதல் விலைக்குக் கிடைத்தது 1966 மாடலில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் காரின் மின்னமைப்பே மாறியது. 1950களின் நடுப்பகுதிவரை அமெரிக்கக் கார்கள் பலவற்றில் 6 வோல்ட் மின்கலமே இருந்தது. 60 வாட் சூடு தரும் இருக்கைக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும் என்பதால், அதே கம்பிகளில் வீணாகும் வெப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. மேலும், பழைய டைனமோ, இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது போதிய மின்சாரம் தரவில்லை. முகப்பு விளக்கும் துடைப்பானும் காற்றாடியும் ஒருசேர இயங்கும் பனிக்கால விடியலில் இக்குறை பெரிதாயிற்று. 1960இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வேலியன்ட் காரோடு பரவத் தொடங்கிய ஆல்டர்னேட்டர், அதாவது மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்கி அதனை நேர்த்திசையாக்கித் தரும் மின்னாக்கி, மெதுவான ஓட்டத்திலும் மின்கலத்தை நிறைத்துவைத்து இத்தடையை நீக்கியது. இதையடுத்து ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1972ஆம் ஆண்டு மாடலில் ஓட்டுநர் இருக்கைச் சூடேற்றியை அடிப்படை வசதியாகவே அளித்ததோடு, குளிரை உணர்ந்து தானே இயங்கவும் நிற்கவும் செய்யும் தெர்மோஸ்டாட்டையும் பொருத்தியது.

இவ்வாறு பரவிய சூடேற்றியின் அமைப்பு எளிது. மெல்லிய துணியிலோ நுரை விரிப்பிலோ வளைந்து வளைந்து செல்லும் கம்பி தைக்கப்பட்டு, அவ்விரிப்பு உறைக்கும் மெத்தைக்கும் இடையே வைக்கப்படுகிறது; சில வகைகளில் கம்பிக்குப் பதிலாகக் கார்பன் இழை இடம்பெறுகிறது. இங்கு வேண்டிய சூடு ஏறத்தாழ 40 டிகிரி மட்டுமே என்பதால், அடுப்புக் கம்பியைப்போல இக்கம்பி வெந்து அழிவதில்லை; ஒரே இடத்தில் பல்லாயிரம் முறை மடங்கி, உலோகம் களைத்து அறுகிறது. ஓட்டுநர் ஏறி இறங்கும்போது உடல் உராயும் வெளிப்புற விளிம்பும், அடி இருக்கையும் முதுகு சாயும் பகுதியும் சந்திக்கும் மடிப்பும், பின்னிருக்கையை எட்டுவதற்காக முழங்காலை ஊன்றும் இடமும் அறுபடுவதற்கு ஏற்ற இடங்களாயின. இருக்கைக்கு அடியில் செல்லும் கம்பிக்கொத்தும் அதன் கனெக்டரும் இன்னொரு பலவீனமான இடம். இருக்கை முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் அவை இழுபடுகின்றன, காலணியோடு வரும் பனிநீரும் சாலையில் தூவும் உப்பும் அவற்றை அரிக்கின்றன.

இப்பழுதுகளைத் தேடும் முறையும் ஓர் ஒழுங்குக்குள் வந்தது. அதற்கு உதவிய கருவி, பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மக்காடி தனித்தனி அளவிகளைச் சுமக்கும் தொல்லை தீர வடிவமைத்து 1923இல் விற்பனைக்கு வந்த ஏவோமீட்டரின் வழித்தோன்றலான மல்டிமீட்டர். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகிய மூன்றையும் அது ஒன்றே அளக்கும். தேடல் ஃபியூஸிலிருந்து தொடங்கும். 1976இல் அறிமுகமான தட்டைக்கால் பிளாஸ்டிக் ஃபியூஸ், 10 ஆம்பியருக்குச் சிவப்பு, 15க்கு நீலம், 20க்கு மஞ்சள் என நிறத்தாலேயே அளவைக் காட்டியதோடு, உருகிய கம்பியைக் கண்ணால் பார்க்கவும் இடம் தந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது இருக்கைக்கு அடியிலுள்ள கனெக்டர்: அங்கே மின்னழுத்தம் வராவிட்டால் குறை சுவிட்சிலோ ரிலேயிலோ வழிக்கம்பியிலோ இருக்கிறது, வந்தால் குறை பெரும்பாலும் விரிப்பில் இருக்கிறது. பின்னர் விரிப்பின் மின்தடை அளக்கப்படுகிறது. 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் விரிப்பு 2.4 ஓம் காட்ட வேண்டும். கம்பி அறுந்திருந்தால் மல்டிமீட்டர் எல்லையற்ற மின்தடையைக் காட்டும். துருவேறிய கனெக்டர் மட்டும் இச்சோதனையை ஏமாற்றக்கூடியது. மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் அங்கே 12 வோல்ட் முழுமையாகத் தெரியும். சூடேற்றி 5 ஆம்பியரை இழுக்கத் தொடங்கியதும் அம்மின்னழுத்தம் துருவிலேயே கரைந்துவிடும். எனவே சுமை இணைந்த நிலையில் அளப்பதே தேர்ந்த மெக்கானிக்கின் வழக்கமாயிற்று. அடி இருக்கையும் முதுகுப் பகுதியும் ஒருசேரக் குளிர்ந்தால் தொடர் இணைப்பில் அறுந்த கம்பியோ மின்வழங்கலோ ஐயத்துக்குரியது என்றும், ஒன்று மட்டும் குளிர்ந்தால் பக்க இணைப்பில் ஒரு விரிப்பே பழுது என்றும் அறிகுறியிலிருந்தே ஊகிப்பது, விமானியின் உடை கற்பித்த அதே பாடத்தின் மறுபயன் எனலாம்.

சூடு நிற்பதைவிட ஆபத்தானது சூடு மிகுவது. பல இழைகளை முறுக்கிய கம்பியில் சில இழைகள் மட்டும் அறும்போது, எஞ்சிய இழைகள் முழு மின்னோட்டத்தையும் சுமந்து அந்த ஒரு புள்ளியில் கொதித்து, உறையைப் பொசுக்கிவிடுகின்றன. குறைந்த சூடும் நெடுநேரம் பட்டால் தீங்கானதே. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1947இல் வெளியிட்ட ஆய்வு, 44 டிகிரி செல்சியஸ் சூடு ஏறத்தாழ 6 மணி நேரத்தில் தோலைப் புண்ணாக்கும் என்றும், அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்றும் காட்டியது. தண்டுவடப் பாதிப்பால் கீழுடலில் உணர்ச்சி இழந்தோர் சூட்டை அறியாமலேயே கடும் தீப்புண்ணுக்கு ஆளாகின்றனர் என்பதைச் சுட்டிக்காட்டி, இருக்கைச் சூட்டுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு ஆர்வலர்களும் தீப்புண் மருத்துவர்களும் 2011இல் அரசிடம் வலியுறுத்தினர். காலப்போக்கில் தெர்மோஸ்டாட்டின் இடத்தைத் தெர்மிஸ்டர் பிடித்தது. சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் இச்சிறு உணரியை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இடைவிடாமல் படிக்கிறது; அளவு ஐயத்துக்கு இடமளித்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. மின்கலம் வலுவிழந்தாலும் இயந்திரத்தைக் கிளப்பும் மின்சாரத்தைக் காக்க முதலில் நிறுத்தப்படுவனவற்றுள் இருக்கைச் சூடு ஒன்றாயிற்று. ஆகவே சூடாகாத இருக்கை பழுதுபட்டதாகவும் இருக்கலாம், தன்னைத் தானே காத்துக்கொள்வதாகவும் இருக்கலாம்.

இதற்கிடையே இருக்கைக்குள் வேறு கருவிகளும் குடியேறின. வோல்வோ நிறுவனம் 1990களின் நடுவில் தன் 850 மாடலில் பக்கவாட்டுக் காற்றுப்பையை இருக்கையிலேயே பொருத்தியது. பயணியின் எடையை அறிந்து முன்புறக் காற்றுப்பையைக் கட்டுப்படுத்தும் உணரிகள் 2000க்குப் பிறகு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின் பயனாக இருக்கைக்குள் பரவின. உறையைக் கழற்றி, அறுந்த கம்பியை உரிமையாளரே ஒட்டவைத்த பழைய பழக்கம் இதனால் ஆபத்தானதாயிற்று: மின்கலத்தின் இணைப்பை நீக்கிச் சற்றுக் காத்திருக்காமல் கனெக்டரைத் தொடுவது காற்றுப்பையை வெடிக்கச் செய்யலாம். சுவிட்ச், கட்டுப்பாட்டுப் பெட்டி, உணரி ஆகியவை பாஷ் நிறுவனம் 1986இல் அறிவித்த கேன் என்னும் பொதுத் தகவல்பாதையில் இணைந்தபின், பழுதைச் சொல்லும் குறியீட்டெண்ணைப் படிக்கத் தனிக் கருவி வேண்டியதாயிற்று. தயாரிப்பாளரின் பழுதுநீக்கத் தகவல் தனிப்பட்ட பணிமனைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் சட்டமியற்றியது இச்சூழலில்தான்.

இருபத்தோராம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டுத் தொடக்கத்தில் பழுது என்ற சொல்லுக்குள் அடங்காத காரணங்களாலும் இருக்கை குளிர்ந்தது. மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டால் ஜெனரல் மோட்டார்ஸ் 2021 இறுதியில் சில மாடல்களைச் சூடேற்றி இன்றியே விற்றது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2022இல் தென் கொரியா உள்ளிட்ட சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்ட சூடேற்றியை இயக்க மாதக் கட்டணம் கேட்டு, கடும் எதிர்ப்புக்குப்பின் 2023இல் அம்முறையைக் கைவிட்டது. விரிப்பும் கம்பியும் முழுமையாக இருந்தும் மென்பொருளின் அனுமதியின்றிச் சூடு வராத நிலையை எந்த மல்டிமீட்டராலும் கண்டறிய முடியாது. மின்சாரக் கார்களிலோ இக்கருவியின் மதிப்பு உயர்ந்துள்ளது: காரின் உட்புறக் காற்றைச் சூடாக்கச் சில ஆயிரம் வாட் செலவாகுமிடத்தில், இருக்கைக்கு நூறு வாட்டுக்கும் குறைவே போதும் என்பதால், குளிர்காலத்தில் ஒரே மின்னேற்றத்தில் செல்லக்கூடிய தொலைவு அதனால் கூடுகிறது.

கரிப்பெட்டியின் குறையைப் பயணியே தீர்த்தார். கம்பியின் குறையைப் பணிமனை தீர்த்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் குறையைத் தயாரிப்பாளரின் தகவலின்றித் தீர்க்க முடியவில்லை. பாதுகாப்புக்காகச் சேர்ந்த அடுக்குகள் உடலைத் தீப்புண்ணிலிருந்து காத்தன என்பதும், அவையே உரிமையாளரின் கையைப் பழுதிலிருந்து விலக்கின என்பதும் ஒருங்கே உண்மை. ஆயினும் மேலடுக்குகள் எத்தனை பெருகினாலும், மனித எடையின் கீழ் மடங்கும் மெல்லிய கம்பி அதே விளிம்பிலும் அதே மடிப்பிலும்தான் அறுகிறது என்பதால், ஃபியூஸ், கனெக்டர், மின்தடை என்ற பழைய வரிசை இன்றும் பழுது காண்பதன் முதல் படியாக நீடிக்கிறது.