பள்ளிப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் இரண்டு வாரம் 'மெடிக்கல் இன்டர்ன்ஷிப்' என்று பணம் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் வடபழனி வரை வந்துவிட்டது. அதனால் பயன் உண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நான் டாக்டர் அல்ல, ஓய்வுபெற்ற குமாஸ்தா. பழைய சங்கதிகள் சில தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பதால் அந்தச் சொல்லே முதலில் என்னை இழுக்கிறது. 'அன்தேர்ன்' என்றால் உள்ளே தங்கியிருப்பவன். 'எக்ஸ்தேர்ன்' என்றால் வெளியிலிருந்து வந்து போகிறவன். பாரிஸ் மருத்துவமனைகள் 1802-ல் இந்த இரண்டுக்கும் போட்டித் தேர்வு வைத்தன. எக்ஸ்தேர்னாகப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய பிறகுதான் ஒருவன் அன்தேர்ன் ஆகலாம். வேடிக்கை பார்ப்பவனுக்கு அங்கே பதவியே கிடையாது.

ஸ்டெதாஸ்கோப்பை 1816-ல் கண்டுபிடித்த லயன்னெக், சிறு வயதில் தாயை இழந்து நாந்த் நகரில் டாக்டராக இருந்த சித்தப்பாவிடம் வளர்ந்தவர். புரட்சிக் காலம். 1795-ல், பதினான்கு வயதில், அவ்வூர் ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைக் கவனிக்க நின்றார். நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் பையன்! அன்று அங்கே ஆள் தேவைப்பட்டது, கூடவே சொல்லிக்கொடுக்கச் சித்தப்பாவும் இருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் விஷயம்.

நம் சென்னையிலும் மருத்துவப் படிப்பு இப்படித்தான் வளர்ந்தது. 1835 பிப்ரவரியில் கவர்னர் சர் பிரெடரிக் ஆடம் காலத்தில், ஜெனரல் ஆஸ்பத்திரியை ஒட்டி மருத்துவப் பள்ளி தொடங்கியது. அப்போதிக்கரிகளையும் டிரஸ்ஸர்களையும் பழக்குவதே நோக்கம். 1850-ல்தான் அது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் ஆனது.

எனக்கு அதைவிடப் பிடித்த கதை யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் 1848-ல் அங்கே ஆஸ்பத்திரி வைத்து, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்துக் கற்பித்தார். இங்கிலீஷில் படித்தவர்கள் சர்க்கார் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுகிறார்கள் என்று கண்டு, 1864 முதல் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம், ரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழில் புத்தகம் போட்டார். அறுபதுக்கு மேற்பட்டவர்களைத் தயார் செய்தார். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். வருஷக்கணக்கில் பழகி, பிறகு கிராமத்தில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பதற்கான பயிற்சி அது.

இன்றைய இரண்டு வாரத்தில் என்ன கிடைக்கிறது? தமிழ்நாட்டில் 2017 முதல் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் மதிப்பெண்தான் கணக்கு. ஆஸ்பத்திரி சான்றிதழுக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவில் படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு வேண்டுமானால் உதவும். உண்மையான இன்டர்ன்ஷிப்போ, நாலரை வருஷம் படித்து முடித்தபின் ஒரு வருஷம் கட்டாயமாக வருகிறது.

இன்னொன்று, கட்டிலில் கிடப்பவரையும் நினைக்க வேண்டும். சட்டையைக் கழற்றிக்கொண்டு டாக்டர் முன் படுத்திருக்கும் ஒரு பெரியவர், ஓரத்தில் ஒரு வேலையுமின்றி நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளையை ஏன் சகித்துக்கொள்ள வேண்டும்? என் வயதுக்காரர்களுக்கு இது புரியும்.

அதற்காகப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லவில்லை. ரத்தத்தைக் கண்டால் மயங்குமா, டெட்டால் வாசனை ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்துகொள்வதும் லாபமே. நீட் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கொட்டுமுன் தெரிந்தால் இன்னும் லாபம். அதற்கு இன்டர்ன்ஷிப் கட்டணம் எதற்கு? நம் மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் ஒரு பாடம். அதை எடுக்கும் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். படுக்கை விரிப்பது, ஜுரம் பார்ப்பது என்று கைவேலையாகப் பழகுகிறார்கள். டாக்டராக ஆசைப்படும் பிள்ளைக்குத் தெரிந்த டாக்டர் யாராவது இருந்தால், கிளினிக்கில் டோக்கன் கொடுக்கவாவது ஒரு மாதம் உட்கார வைக்கச் சொல்லுங்கள்.