ஊவாப் புகையிரதப் பாதையும் சலுகைச் சீட்டும்

பிரயாணச் சீட்டென்பது பணஞ் செலுத்தியமைக்கான அத்தாட்சி மட்டுமன்று. பிரயாணி எங்கு செல்வான், எதனைக் காண்பான் என்பவற்றையும் அதுவே பெருமளவில் நிர்ணயிக்கின்றது. 1841ஆம் ஆண்டில் தோமஸ் குக் என்பார் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோவில் நிகழ்ந்த மதுவிலக்குக் கூட்டத்திற்கு, ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மக்களைப் புகையிரதத்தில் அழைத்துச் சென்றார். கூட்டத்திற்கெனப் பிறந்த அச்சலுகை, பின்னர் உல்லாசப் பிரயாணமென்னும் பெருந்தொழிலுக்கு வித்திட்டது. சலுகைக்கும் நோக்கத்திற்குமுள்ள இத்தொடர்பினை ஊவாவின் வரலாற்றிலுங் காணலாம்.

ஊவாவுக்கான பாதை உல்லாசப் பிரயாணிகளுக்காக அமைக்கப்பட்டதன்று. 1869ஆம் ஆண்டு முதலாகப் பரவிய இலைநோயினாற் கோப்பிச் செய்கை அழிய, அதனிடத்தைத் தேயிலை பெற்றது. 1885இல் நானுஓயாவை அடைந்த பாதை, 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலான ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் நிறைவுற, 1924இற் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. தேயிலையைத் துறைமுகத்திற்கு அனுப்புதலும் தோட்டங்களுக்கான அரிசியைக் கொணர்தலுமே தோட்டத்துரைமார் இப்பாதையை வேண்டியமைக்கான காரணங்களாம்.

இப்பாதையை உள்நாட்டு மக்களின் விடுமுறைப் பாதையாக மாற்றியவற்றுள் அரச உத்தியோகத்தருக்குரிய விடுமுறைப் புகையிரத ஆணைச்சீட்டும் ஒன்றாகும். கட்டணத்தைத் தாம் செலுத்த வேண்டாதவிடத்து, தூரங் கூடுந்தோறும் சீட்டின் பயனுங் கூடும். ஆதலின் பாதையின் முடிவிடமான பதுளை, குடும்பத்தோடு செல்வோரைக் கவர்ந்தது. அவர்கள் முதியங்கணை விகாரையை வணங்கினர். துன்கிந்தை நீர்வீழ்ச்சியைக் கண்டனர்.

வெளிநாட்டுப் பிரயாணிகளின் நிலை வேறு. 1980இல் அமைக்கப்பட்ட மத்திய கலாசார நிதியம், அனுராதபுரம், பொலநறுவை, சீகிரியா முதலியவற்றைப் பார்வையிட ஒரே சீட்டினைப் பல ஆண்டுகள் வழங்கிப் பின்னர் கைவிட்டது. அதனை வாங்கியோர், செலுத்திய தொகைக்கு ஈடாக இயன்றவரை பல இடங்களைக் காண விழைதல் இயல்பே. ஊவா அச்சீட்டினுள் அடங்கவில்லை. எனவே இங்கு வந்தோர் சின்னங்களை எண்ணிக் காண வந்தவரல்லர். புகையிரத யன்னலையும் மலைக்காற்றையும் தோட்டத்து நடைபாதைகளையும் நாடி வந்தவராவர்.

ஆயினும் அந்த யன்னலினூடே அவர்கள் கண்ட மக்களின் பிரயாணம் யாதெனவும் வினவுதல் வேண்டும். கொழுந்து பறிப்போர் அரச உத்தியோகத்தர் அல்லராதலின் விடுமுறை ஆணைச்சீட்டு அவர்களுக்கு உரித்தாகவில்லை. அவர்களுட் பலருக்குக் கிட்டிய நெடும்பிரயாணம் வேறொன்றாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. லயத்தையும் உறவையும் விட்டுப் பிரிந்தோர், மூதாதையர் உழைப்பால் வளம்பெற்ற இதே பாதையில் இறங்கித் தலைமன்னாருக்குச் சென்று கப்பலேறினர். மேடைகளில் எழுந்த அழுகுரலை மலையகம் மறக்கவில்லை. அப்பிரயாணத்திற்குத் திரும்புதல் இல்லை.

ஒரே தண்டவாளத்தில் ஒருவர் விடுமுறைக்கும், ஒருவர் காட்சிக்கும், மற்றொருவர் பிரிவுக்கும் சென்றுள்ளனர். சீட்டின் விலையை மட்டும் நோக்கின் இவ்வேறுபாடு புலப்படாது. எவருக்குச் சலுகை வழங்கப்பட்டது, எவருக்கு வழங்கப்படவில்லை என்பதனையும் சேர்த்து ஆராயும்போதே ஊவாவின் பிரயாண வரலாறு முழுமை பெறும்.